புதுப்பித்த பழைய கார்: விலை எதற்கு?

கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் பொறுத்தவரை கார் ஒரு பாவப்பட்ட சொத்து. வாங்கிய நாளிலிருந்தே தேய்மானம்தான். நேர்க்கோட்டு முறையில் போட்டாலும் சரி, குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டாலும் சரி, சில வருடங்களில் ஏட்டில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆனால் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாத கார்களும் உண்டு. 1950களிலும் 60களிலும் இத்தாலியில் தயாரான 'கிராண்ட் டூரர்' கார்கள் அந்த ரகம். இரண்டு பேர் பெட்டிகளோடு ஏறி, நெடுந்தூரத்தை வேகமாகவும் சொகுசாகவும் கடப்பதற்காகச் செய்யப்பட்டவை இவை.

உதாரணத்துக்கு ஃபெராரி 250 ஜிடி லுஸ்ஸோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1964 வரை சுமார் 350 கார்களே தயாராயின. வடிவமைப்பு பினின்ஃபரினா. உடற்பகுதியைச் செய்தது மோடெனாவில் இருந்த ஸ்காலியெட்டி பட்டறை. மூன்று லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீனிடம் 1963ஆம் வருட லுஸ்ஸோ ஒன்று இருந்தது. அது பின்னாளில் கைமாறி, முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு, 2007 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு வந்தது. ஏலத்துக்கு முன் போட்ட மதிப்பீடு அதிகபட்சம் 12 லட்சம் டாலர். விற்றதோ 23.1 லட்சம் டாலருக்கு!

பெயின்ட்டுக்கும் தோல் இருக்கைக்கும் யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை. இது அந்தக் கார்தான் என்ற நம்பிக்கைக்கே பணம்.

அதனால்தான் 'பழைய காரைத் தொடவே கூடாது' என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஆர்ட்கூரியல் ஏலத்தை அவர்கள் காட்டுவார்கள். அலன் டெலோன் ஒரு காலத்தில் வைத்திருந்த 1961ஆம் வருட ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், தூசிகூடத் துடைக்கப்படாமல், சுமார் 1.63 கோடி யூரோவுக்கு விற்றது. ஆனால் அது லுஸ்ஸோவைவிட மிக அரிதான திறந்த கார். அந்த விலையை வைத்துப் புதுப்பித்தலே தப்பு என்று தீர்ப்பு எழுத முடியாது. துரு காத்திருக்காது. ஓடாத காரைக் கிராண்ட் டூரர் என்று சொல்வதிலும் அர்த்தமில்லை. பட்டறைக்காரர்கள் கைவைக்காமல் விட்டிருந்தால் இவற்றில் பல கார்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

தப்பு எங்கே வருகிறது என்றால், அளவு மீறும்போதும் மறைக்கும்போதும். அந்தக் காலத்து உடற்பகுதிகள் கையால் தட்டி உருவாக்கப்பட்டவை. இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. தொழிற்சாலையிலிருந்து வந்ததைவிட நேர்த்தியாக்குகிறேன் பேர்வழி என்று அதைச் சரிசெய்தால், அந்தக் கைவேலையின் தடயமே போய்விடும். கணக்கில் சொத்தை மேம்படுத்தும் செலவு முதலினச் செலவு, சொத்தின் மதிப்பைக் கூட்டும். இங்கே அதே செலவு மதிப்பைக் குறைக்கவும் செய்யும். விசித்திரம்தான்.

என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆலைப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி. ஃபெராரியே 2006இல் 'கிளாசிகே' என்ற பிரிவைத் தொடங்கி இதைச் சோதித்துச் சான்றிதழ் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் விற்கிற நிறுவனமே சான்றும் தந்தால் போதுமா?

நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்போடு விளக்கக் குறிப்புகளும் இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். அதுபோல விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காரோடும் எது அசல், எது மாற்றியது, எது புதிதாகச் செய்தது என்று ஒரு பட்டியலும், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருந்தால் புதுப்பித்த காரை மட்டமாகப் பார்க்க வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால், கார் எவ்வளவு பளபளத்தாலும் வாங்குபவர் கொஞ்சம் யோசிப்பதே நல்லது.