கண்ணுக்குப் போட்ட சொட்டு, நெஞ்சுல போய் இழுக்குது

ஆறு மாசம் முன்னாடி ஒரு நைட் ட்யூட்டி. 62 வயசு அம்மா, மூச்சுத் திணறலோட வந்தாங்க. நெஞ்சு முழுக்க வீஸிங். நெபுலைசர் வெச்சுக்கிட்டே "புதுசா ஏதாவது மருந்து எடுக்குறீங்களாம்மா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார்."

மகதான் பையைத் துழாவி ஒரு குட்டி பாட்டிலை நீட்டுனாங்க. "கண்ணுக்கு மட்டும் சொட்டு விடுறாங்க சார், மூணு வாரமா." டிமோலால்!

அந்தம்மாவுக்குச் சின்ன வயசுல இருந்தே ஆஸ்துமா. எழுதிக் கொடுத்தவங்க கேட்கல, இவங்களும் சொல்லல. கண் மருந்துக்கும் இழுப்புக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்குத் தோணும்?

நான் கண் டாக்டர் இல்ல, எம்பிபிஎஸ்தான். ஆனா இந்தப் பிரச்சினை ராத்திரி எங்க கிட்டதான் வருது, அதனால எழுதுறேன்.

கண்ணுல விட்ட சொட்டு கண்ணோட நிக்காது. கண்ணீர்க் குழாய் வழியா மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து நேரா ரத்தத்துல கலக்கும். டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர். மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித் துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா, சிஓபிடி, இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறவங்களுக்கு ஆகாது. மத்தவங்களுக்கு விலை குறைஞ்ச, நல்ல மருந்து.

உடனே சொட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கிளாக்கோமா, அதாவது கண் பிரஷர், பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையில இருந்து சத்தமில்லாம தின்னுக்கிட்டே வரும். போன பார்வை திரும்ப வராது. சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாத்தும், அவ்வளவுதான். "ரெண்டு பாட்டில் விட்டேன், பார்வை கூடல"ன்னு நிறுத்துறவங்கதான் அதிகம். தப்பு அவங்க மேல இல்ல, இது பார்வையைக் கூட்டுற மருந்து இல்லன்னு நாங்க சொல்லாததுதான் தப்பு. கூட்டமான ஓபியில ரெண்டு நிமிஷத்துல என்னத்த சொல்றதுன்னு கேட்டா, இதை மட்டுமாவது சொல்லுங்கன்னுதான் சொல்வேன்.

வேற மருந்துகளும் இருக்கு. லாட்டனோபிராஸ்ட் ராத்திரி ஒரு சொட்டு போதும், நுரையீரலுக்குப் பொதுவா தொந்தரவில்ல. கண் சிவக்கலாம், இமை முடி நீளமா வளரலாம் (இதுக்குச் சிலர் சந்தோஷப்படுறாங்க). திறக்காத பாட்டிலை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு பெரும்பாலும் போட்டிருக்கும், லேபிளைப் பாருங்க. சிலருக்கு லேசர் சிகிச்சையே முதல்லயே செய்யலாம். 2019ல பிரிட்டன்ல வந்த லைட் ஆய்வுல, லேசர் செஞ்சுக்கிட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மூணு வருஷம் சொட்டு இல்லாமலே அழுத்தம் கட்டுக்குள்ள இருந்துச்சு. உங்களுக்கு ஒத்து வருமான்னு கண் டாக்டர்கிட்ட கேளுங்க.

எந்தச் சொட்டானாலும் ஒரு துளி போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கு ஓரத்துக் கண் முனையை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்துங்க. ரத்தத்துல கலக்குறது நல்லாவே குறையும். ரெண்டாவது மருந்து இருந்தா அஞ்சு நிமிஷம் கழிச்சு. "வேற என்ன மருந்து?"ன்னு எந்த டாக்டர் கேட்டாலும் கண் சொட்டையும் சேர்த்துச் சொல்லுங்க.

அந்தம்மாவுக்குக் கண் டாக்டர் மருந்தை மாத்திக் கொடுத்தாங்க. போன வாரம் பிரஷர் மாத்திரை வாங்க வந்தாங்க. இழுப்பு இல்ல. சொட்டு விடுறீங்களாம்மான்னு கேட்டேன்.

"கண்ணு நல்லாத்தானே தெரியுது சார், ஒரு மாசமா விடல."

பக்கத்துல உட்கார வெச்சு மறுபடி முதல்ல இருந்து சொல்லிட்டு, கண் ஓபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.