கொழும்பு பார்த்தோம், எதைப் பார்த்தோம்?

சுற்றுலாவுக்கு ஒரு கிழமைக்கு முன் எங்கள் வகுப்பறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாட்களிலும் கொழும்பில் பார்க்கவிருக்கும் இடங்களும் சாப்பிடவிருக்கும் கடைகளும் அதில் வரிசையாக இருந்தன. இடங்களை எண்ணிப் பார்த்தோம். 14. எல்லோரும் கைதட்டினோம்.

அந்தத் தாளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. "இதையும் சேருங்க டீச்சர், அதையும் சேருங்க டீச்சர்" என்று நச்சரித்தவள் நான்தான். ஆகவே இங்கே சொல்லப்போகும் குறை முதலில் என்னையே சேரும்.

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு பஸ் புறப்பட்டது. காத்தான்குடியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அதிகம். யாரும் சரியாக நித்திரை கொள்ளவில்லை. சுபஹு நேரத்தில் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் 45 பேர், குளியலறை இரண்டு. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டிய எங்கள் நாள் பத்தரைக்குத்தான் தொடங்கியது. இழந்த நேரத்தைப் பிடிப்பதற்காகத் தேசிய நூதனசாலைக்கு ஒதுக்கிய ஒரு மணித்தியாலம் 25 நிமிடமாகியது. சுதந்திர சதுக்கத்தை பஸ் ஜன்னலால் பார்த்தோம். பகலுணவுக்குப் பேர்போன ஒரு கடைக்குப் போனோம். 45 பேர் ஒன்றாகப் போய் இறங்கினால் எந்தக் கடைதான் சமாளிக்கும்? இரண்டு மணித்தியாலம் அங்கேயே கழிந்தது. காலிமுகத்திடலுக்குப் போனபோது இருட்டிவிட்டது. கடலின் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். பட்டியலிலிருந்த 14 இடங்களில் நாங்கள் இறங்கி நடந்தது ஆறில்தான்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டார்: "கொழும்புல என்ன மகள் பார்த்த?"

"எல்லாம் பார்த்தம் உம்மா."

"எல்லாம் எண்டா என்னென்ன?"

பதில் வரவில்லை. டீச்சர் அனுப்பிய படங்களைக் காட்டினேன். ஒவ்வொரு படத்திலும் நாங்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். இரண்டு படங்களில் எங்களுக்குப் பின்னாலிருந்த கட்டிடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு கல்லின் படம் கண்ணில் பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்த கல் அது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவர விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. நாங்கள் 25 நிமிடத்தில் ஓடிக் கடந்த அதே கட்டிடத்தில். 600 வருடங்களுக்கு முந்திய தமிழ் எழுத்தில் எத்தனை நமக்குப் பிடிபடும் என்று நின்று தேடிப் பார்த்திருக்கலாம். தமிழை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கும் எனக்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கட்டிடத்துக்கே ஒரு கதை உண்டு. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1877இல் திறக்கப்பட்ட அதைக் கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். பின்னாளில் சித்திலெப்பையுடன் சேர்ந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கத்துக்கு உழைத்தவரும் அவரே. கட்டிய வேலைக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டதாக இன்றும் சொல்வார்கள். இதை யாராவது வாசலில் நின்று ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால், நாங்கள் அந்தத் தூண்களை வேறு கண்ணால் பார்த்திருப்போம்.

காலிமுகத்திடலும் அப்படித்தான். அந்தக் கடலோர நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணிவரும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். பெண் பிள்ளைகள் 45 பேர் போயும் அந்த நடைபாதையில் நடக்கவில்லை.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கிறேன். இரண்டு நாளும் "தலைநகர், தலைநகர்" என்றே பேசிக்கொண்டிருந்தோம். நாட்டின் சட்டபூர்வத் தலைநகர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. ஜெப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் 1982 முதல் அங்கேதான் இருக்கிறது. முன் அனுமதி பெற்றால் பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பார்க்கலாம். ஆனால் அது வேலை நாளுக்குரிய இடம். வாரக்கடைசியில் போகிறவர்கள் அதைப் பட்டியலில் எழுதிப் பயனில்லை.

"இவ்வளவு தூரம் போறதெண்டா எல்லாத்தையும் காட்டத்தானே வேணும்" என்று பெற்றார் சொல்வார்கள். பணம் கட்டுகிறவர்களின் நியாயம் அது. எங்களில் பலருக்குத் தோழிகளோடு ஊர் தாண்டிப் போவது இதுவே முதல் தடவை. சிலருக்கு இதுவே கடைசியாகவும் இருக்கலாம். அதனால்தான் எதையும் விட மனம் வருவதில்லை. ஆனால் ஒரே தடவைதான் போவோம் என்றால், அந்தப் பயணத்தில் மனதில் தங்கும்படி நாலு இடத்தைப் பார்ப்பதுதானே மேல்?

"அப்ப நல்ல சாப்பாடும் வேணாமா?" என்று தோழிகள் கேட்பார்கள். வேண்டும். எனக்கும் சாப்பாடு பிடிக்கும். இரண்டு நாளில் ஒரு வேளையை மட்டும் வெளிக்கடைக்கு வைப்போம். முன்கூட்டியே கடையோடு பேசி, ஆட்கணக்கையும் என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. நாம் பெருநாளுக்குச் செய்யும் வட்டலப்பம் மலாய் மக்களிடமிருந்து வந்தது என்பார்கள். அவர்கள் பல தலைமுறையாக வாழும் கொம்பனித்தெருப் பக்கத்தில் அந்த ஒரு வேளையை வைத்தால் சாப்பாடும் ஒரு பாடமாகும். மற்ற வேளைகளுக்குப் பார்சல் போதும். மாலையில் காலிமுகத்திடலில் ஓர் இறால் வடை.

எங்கள் வகுப்பில் ஒருத்தி அந்தச் சுற்றுலாவுக்கு வரவில்லை. "வயிற்று வலி" என்றாள். வாப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கடைச் சாப்பாட்டில் இரண்டு வேளையைக் குறைத்திருந்தால் கட்டணம் குறைந்திருக்கும், அவளும் வந்திருப்பாள். பட்டியல் நீளும்போது யாரோ ஒரு பிள்ளை பஸ்ஸுக்கு வெளியே நிற்கிறாள்.

என் யோசனை இதுதான். சனி காலை குளிக்கவும் சாப்பிடவும் இரண்டரை மணித்தியாலம் தாராளமாக விடுங்கள். பிறகு நூதனசாலைக்கு மூன்று மணித்தியாலம். கண்டியின் கடைசி மன்னனின் சிம்மாசனமும் அங்கேதான் இருக்கிறது. பகலுணவுக்குப் பின், பயணிகளுக்குரிய சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுகொண்டால், மஃரிப் வரை காலிமுகத்திடலில் ஆறுதலாக நடக்கலாம். ஞாயிறு காலை புறக்கோட்டை. மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருப்பதால் நடக்க இடமிருக்கும். நம் வாப்பாமார் சாமான் எடுக்கப் போய்வரும் தெருக்களை நாமும் பார்க்கலாம். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசலும் அங்கேதான். அங்கிருந்து தாமரைக் கோபுரம் கிட்ட. ஏறிப் பார்த்துவிட்டுப் பகலோடு ஊருக்குத் திரும்பினால், திங்கள் வகுப்பில் யாரும் தூங்கி விழமாட்டோம்.

நாலு இடம்தான். ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் இருவர் முன்கூட்டியே வாசித்து வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு நம் நூலகமே போதும்.

அடுத்த சுற்றுலாவுக்குத் தங்கைமார் ஆயத்தமாகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கதவில் தாளை ஒட்டுவதற்கு முன், யாரால் பணம் கட்ட முடியாது என்று சத்தமில்லாமல் விசாரித்துப் பாருங்கள். நூதனசாலைக்குப் போனால் அந்த மூன்று மொழிக் கல்லைத் தேடிப் பிடியுங்கள். அதில் உங்களுக்குப் பிடிபட்ட தமிழ் எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வந்து எனக்கும் காட்டுங்கள்.