பீரோவை யார் வாங்குவது?

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் கம்பெனிகள் அனுப்பும் சுற்றறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. கடவுச்சொல்லை மாற்று, வைஃபையைப் பூட்டு, தெரியாத லிங்கைத் தொடாதே என்பதெல்லாம் நல்ல புத்திமதிதான். ஆனால் கடைசி வரி? தகவல் கசிந்தால் நீயே பொறுப்பாம்! கட்டட வாடகையும் ஏசி செலவும் கம்பெனிக்கு மிச்சம், ஆபத்து மட்டும் ஊழியருக்கா?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். கோப்பு அறையை விட்டு வெளியே போனால் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும். இரகசியக் கோப்பு இரும்பு பீரோவில் இருக்கும். அந்த பீரோவை நான் வாங்கவில்லை, சர்க்கார் வாங்கியது. இன்றோ வாடிக்கையாளரின் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் சொந்த லேப்டாப்பில் திறக்கச் சொல்கிறார்கள். அதில்தான் வீட்டுக் குழந்தை கேம் இறக்குகிறது.

கடவுச்சொற்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு 2022இல் என்ன ஆயிற்று? முக்கியமான சாவிகள் நான்கே பொறியாளர்களின் கைக்கு எட்டும். அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த ஒரு மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். அவர் தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்து மாஸ்டர் பாஸ்வேர்டைப் பிடித்தார்கள். வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்கள் களவு போயின. பொறியாளர் கவனமாக இருந்திருக்கலாம் என்பீர்கள். இருக்கட்டும். அப்பேர்ப்பட்ட சாவியை வீட்டுக் கணினியிலிருந்து எடுக்க விட்டது யார்?

பிரெஞ்சில் படித்தவன் என்பதால், பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னில் சொல்வதை அவ்வப்போது வாசிப்பேன். தகவல் ஊழியரின் சொந்தக் கருவியில் இருந்தாலும் அதன் பாதுகாப்புக்கு முதலாளியே பொறுப்பு என்கிறது அது. அதற்காக வேவு பார்க்கவும் விடுவதில்லை. ஊழியர்களின் திரையை அடிக்கடி படம்பிடித்த ஒரு நிறுவனத்துக்கு 2024 டிசம்பரில் 40,000 யூரோ அபராதம் போட்டது.

நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்தை நிறுவனத்தின் தலையில்தான் வைக்கிறது, ஊழியரின் தலையில் அல்ல. அப்படியிருக்க அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது?

முதலில் கம்பெனி லேப்டாப்பைக் கொடுங்கள். ஒப்பந்த ஊழியருக்கும் சேர்த்து! அதன் வட்டு மறையாக்கம், விபிஎன், இரட்டைச் சரிபார்ப்பு எல்லாம் உங்கள் செலவில் இருக்கட்டும். அப்புறம் சுற்றறிக்கை அனுப்புங்கள்.