வானத்தில் வழி காணும் கலை

மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு வழிகளையே பெரிதும் நம்பியிருந்த நம் தில்லித் தமிழர் இல்லங்களில், ‘விமானி ஆகப் போகிறேன்’ என்று சொல்லும் பிள்ளைகளும் இந்நாளில் தோன்றியுள்ளனர். பெற்றோர் உடனே கேட்பவை இரண்டு கேள்விகள்: எவ்வளவு செலவாகும்? வேலை கிடைக்குமா? இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயின் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அப்பிள்ளை அங்கே கற்கப் போவதுதான் யாது? அதனை அறியாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்து இடுவது முறையாகாது. ஆதலின் விமானப் பயிற்சியின் நடுநாயகமான பாடம் ஒன்றை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

விமானத்தை மேலே கிளப்புவதும் கீழே இறக்குவதும் தொடக்கப் பாடங்கள். அவை கைப்பழக்கத்தால் வருவன. அவற்றுக்குப் பின் வருவது ஊர்விட்டு ஊர் பறத்தல்; ‘கிராஸ் கண்ட்ரி’ என்று வழங்குவர். வணிக விமானி உரிமம் பெற நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். அதில் 20 மணி நேரமேனும் மாணவர் தாமே பொறுப்பேற்று ஊர்விட்டு ஊர் பறந்ததாக இருத்தல் வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத நெடும்பயணம் ஒன்றும், அதன் வழியில் இரு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏறுவதும் இதனுள் அடங்கும். இங்கேதான் அறிவுக்கும் குணத்துக்கும் சோதனை.

இக்கலையோடு தில்லி மாநகருக்குப் பழைய தொடர்பு உண்டு. தில்லி பறக்கும் கழகம் 1928-இல் தோன்றியது. இன்று சப்தர்ஜங் எனப்படும் விமானத்தளம் அக்காலத்தில் வில்லிங்டன் பெயரால் வழங்கியது. 2001-ஆம் ஆண்டுக்குப்பின் பாதுகாப்பை முன்னிட்டு அங்கே பயிற்சிப் பறப்பு நின்றுவிட்டது. ஆகவே நம் பிள்ளைகள் கர்நால், ஹிசார், பிஞ்சோர் என்றோ, உத்தரப் பிரதேசத்துப் புர்சத்கஞ்ச் என்றோ வெளியூர் செல்ல வேண்டியுள்ளது.

முன்னோடிகள் கையில் இருந்த கருவிகள் மிகச் சில. 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். வழிகாட்டும் வானொலி நிலையம் ஏதும் இல்லாத காலம் அது. வரைபடம், திசைகாட்டி, கைக்கடிகாரம், இரு கண்கள் ஆகியவையே துணை. 1949-இல் உஷா சுந்தரம் அம்மையார் தம் கணவர் கேப்டன் வி. சுந்தரத்துடன், சென்னை அரசுக்காக வாங்கிய ‘டவ்’ விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். பெண் பிள்ளைக்கு இது ஆகுமா என்று ஐயுறும் பெற்றோர் இதனை நினைவில் கொள்வாராக.

இனி, பாடத்துக்கு வருவோம். ஒரு மாணவர் கர்நாலிலிருந்து பிஞ்சோருக்குச் செல்ல எண்ணுகிறார் எனக் கொள்வோம். வரைபடத்தில் அவர் ஒரு கோடு இழுக்கிறார். திசை ஏறத்தாழ நேர் வடக்கு. தொலைவு ஏறத்தாழ 67 கடல் மைல், அதாவது சுமார் 124 கிலோமீட்டர். சிறு விமானம் மணிக்கு 90 கடல் மைல் செல்லுமாயின் முக்கால் மணி நேரப் பயணம். காந்த ஊசி காட்டும் வடக்கும் வரைபடத்து வடக்கும் முற்றும் ஒன்றல்ல. நம் பகுதியில் வேறுபாடு ஒன்றிரண்டு பாகைக்குள் அடங்கும். அதனையும் கணக்கில் சேர்க்கிறார். வேலை முடிந்ததா எனில், இல்லை. காற்று என்று ஒன்று இருக்கிறதே!

கோடைக்காலத்தில் மேற்கிலிருந்து அனற்காற்று வீசுவதை நாம் அறிவோம். அது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வீசுகிறது என்க. ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஓடக்காரர் எதிர்க்கரைத் துறையை நேர்நோக்கிச் செலுத்தினால் ஓடம் கீழே அடித்துச் செல்லப்படும் அன்றோ? விமானமும் அவ்வாறே. வடக்கு நோக்கியே பறந்தால், முக்கால் மணி நேரத்தில் அது 15 கடல் மைல், அதாவது 28 கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிடும். அங்கே பிஞ்சோர் இராது. மோர்னி மலைப்பக்கம் இருக்கும். புழுதி மூடிய நாளில் தாழப் பறக்கும் ஒருவருக்கு இதன் பொருள் யாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே மாணவர் முன்கூட்டியே மூக்கை மேற்கே சுமார் 13 பாகை திருப்பி வைத்துப் பறக்கிறார். விமானம் ஒரு பக்கம் பார்த்தபடி இருக்க, பயணமோ கோட்டின் மேலேயே நிகழ்கிறது.

எதிர்க்காற்றின் கணக்கு வேறு. போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது உதவும், ஆகவே இரண்டும் சரியாகிவிடும் என்று பலர் எண்ணுவர். அது பொய்க்கணக்கு. 90 மைல் வேக விமானத்துக்கு 20 மைல் எதிர்க்காற்று இருப்பின் போக 57 நிமிடமும் வர 37 நிமிடமும் ஆகும், கூட்டினால் 94. காற்றில்லா நாளில் போக வர 90 நிமிடமே. இந்த 4 நிமிடத்துக்கும் பெட்ரோல் வேண்டும். தொலைவு நீள நீள இந்த வேறுபாடும் வளரும். சேரவேண்டிய இடம் வரையிலும், அங்கே இறங்க இயலாவிடில் மாற்று நிலையம் வரையிலும், அதற்கும் மேலே அரைமணி முதல் முக்கால் மணி வரையிலும் தாங்கும் எரிபொருள் இருந்தாலன்றிப் புறப்படலாகாது என்பது ஆசிரியர்கள் அடித்துச் சொல்லும் பாடம்.

கோட்டின் மேல் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக அடையாளங்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குக் காணவேண்டும் என்று மாணவர் ஓர் அட்டவணை எழுதிக்கொள்கிறார். நம் ரயில்வேயில் ஓட்டுநருக்கு அட்டவணையை வேறொருவர் வகுத்துத் தருகிறார்; வழியைத் தண்டவாளம் காட்டுகிறது; முன்னே செல்லலாமா என்பதைச் சிக்னல் சொல்கிறது. வானத்திலோ விமானியே கார்டு, விமானியே கால அட்டவணை வகுப்பவர். ஆயினும் நம் இருப்புப்பாதை அங்கேயும் உதவுகிறது என்பது நமக்குப் பெருமை. குருக்ஷேத்திரம், அம்பாலா, சண்டிகர், கால்கா என்று செல்லும் பாதை மாணவரின் கோட்டுக்கு இடப்புறத்தே நெடுந்தூரம் உடன் வரும். மேலிருந்து நோக்கினால் எல்லா ஊரும் ஒரே ஊர்போலத் தோன்றும். ஆனால் பல திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் வந்து கூடும் அம்பாலாவை வேறோர் ஊராகக் கருத முடியாது. குறுக்கே ஓடும் மார்க்கண்டா ஆறும் நல்லதோர் அடையாளமே. கோடையில் நீர் வற்றினும் மணற்படுகை தெரியும்.

அடையாளம் ஒன்று வரவேண்டிய இடத்தில் வராமல் சற்று விலகி வருமாயின், மாணவர் மனக்கணக்கால் திருத்தம் செய்கிறார். 60 மைல் சென்று ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு பாகை. 30 மைல் சென்று 2 மைல் விலகியிருந்தால் பிழை 4 பாகை. நம் பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது வீண்போவதில்லை!

இவ்வளவும் செய்தபின்னும் புறப்பட இயலாத நாட்கள் உண்டு. அம்பாலாவிலும் சண்டிகரிலும் விமானப்படைத் தளங்கள் இருக்கின்றன. பயணத் திட்டத்தை முன்னதாகவே அளித்து, வான்பாதுகாப்பு அனுமதி எண் பெற்று, கட்டுப்பாட்டு நிலையம் சொல்லும் உயரத்திலும் வழியிலுமே செல்ல வேண்டும். மார்கழியிலும் தையிலும் வட இந்தியச் சமவெளியில் மூடுபனி கவியும்போது, இவை அனைத்தும் கைவசம் இருந்தும் தரையிலேயே காத்திருக்க நேரும். ரயில் தாமதமாயின் முணுமுணுக்கும் நமக்கு இது கசப்பாகத் தோன்றலாம். விமானிக்கோ காத்திருத்தலும் கல்வியின் ஒரு பகுதி.

வழி தவறிவிட்டால்? இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. அங்கும் இங்கும் திரும்பித் தேடுதல் கூடாது. தேடத் தேடக் கணக்கு சிதையும், எரிபொருளும் குறையும். பிடித்த திசையை விடாமல், கடைசியாக ஐயமின்றிக் கண்ட அடையாளத்தையும் அதன் நேரத்தையும் அட்டவணையில் பார்த்து, எவ்வளவு தூரம் வந்திருக்கலாம் என்று கணிக்க வேண்டும். அனுமதிக்கும் அளவு உயர ஏறினால் கண்பார்வையும் விரியும், வானொலியும் தெளிவாகும். அதன்பின், ‘நான் இருக்கும் இடம் எனக்குத் தெரியவில்லை’ என்று கட்டுப்பாட்டு நிலையத்துக்குக் கூசாமல் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மானம் தடுத்தமையால் எரிபொருள் தீரும் வரை அலைந்தவர்கள் உண்டு. உரிய காலத்தில் சொன்னவர்க்கு உதவி கிடைக்கும்.

‘செயற்கைக்கோள் வழிகாட்டும் இந்நாளில் பென்சிலும் வரைபடமும் எதற்கு?’ என்று இளைஞர் கேட்கலாம். செயற்கைக்கோளின் குறிப்பைப் பொய்க் குறிப்பால் மறைத்து, விமானத்தை வேறிடத்தில் இருப்பதாகக் காட்டும் குறுக்கீடு இன்று பல நாடுகளில் நிகழ்கிறது. இதுபற்றி நம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2023 நவம்பரில் சுற்றறிக்கை விடுத்தது. 2025-இல் தில்லி விமான நிலையத்தை அணுகிய விமானங்கள் சிலவும் இத்தகைய குறுக்கீட்டைக் கண்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கருவி சொல்வது பொருந்துகிறதா என்று கேட்கும் அறிவு, கையால் கணக்கிட்டுப் பழகியவரிடமே எளிதில் விழித்தெழும்.

பெற்றோர்க்கு நாம் சொல்ல விழைவது இதுதான். உங்கள் பிள்ளைக்குத் துணிச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம். கணக்கைப் பொறுமையோடு இருமுறை சரிபார்க்கிறானா? தன் தவற்றை மறைக்காமல் சொல்கிறாளா? பாதி வழியில் திரும்புதல் இழிவன்று என்று உணரும் பக்குவம் உண்டா? இவற்றைப் பாருங்கள். பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் சென்று, எத்தனை விமானங்கள் உண்மையில் பறக்கின்றன, மாணவர் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறக்கின்றனர், திட்டமிடுதலைத் திருத்திக் கொடுக்க ஆசிரியர் உடன் அமர்கின்றனரா என்று, அங்கே பயிலும் மாணவரிடமே கேட்டறியுங்கள். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு, விமானம் கிடைக்காமல் மாதக்கணக்கில் விடுதி அறையில் காத்திருக்கும் பிள்ளையின் வேதனை பெரிது, வட்டியோ காத்திருப்பதில்லை.

இக்குணங்கள் உடைய பிள்ளை உங்கள் வீட்டில் இருப்பின், தடுக்காதீர்கள். முதலில் ஒரு வரைபடமும் அளவுகோலும் வாங்கிக் கொடுங்கள். தில்லியிலிருந்து ஆக்ரா வரை ஒரு கோடு இழுத்து, காற்றைக் கணக்கிட்டு, எத்தனை மணிக்குச் சேரலாம் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஆர்வம் எத்தகையது என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.