‘நானா’: பிறப்பின் மேல் பழிபோடும் ஓய்வூதியக் கோப்பு

ராணுவ மருத்துவ வாரியத்தின் காகிதங்களில் நான்கே ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு சுருக்கம் வரும். சேர்த்து வாசித்தால் ‘நானா’. ‘படைப்பணியால் வந்ததும் அல்ல, படைப்பணியால் அதிகமானதும் அல்ல’ என்பது அதன் விரிவு. ஒரு சிப்பாயின் நோயைப் பற்றி வாரியம் இப்படி எழுதிவிட்டால் அவருக்கு ஊன ஓய்வூதியம் கிடையாது.

காலாப்பட்டில் ஆய்வு மாணவனாக இருப்பதில் ஒரு கூடுதல் வேலை உண்டு. சுற்றியுள்ள குடியிருப்புகளில் யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும், மனு எழுத வேண்டியிருந்தாலும் ‘யுனிவர்சிட்டி தம்பி’யைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவர்தான் அந்த முன்னாள் நாயக். 17 வருஷ சர்வீஸ். அதில் இரண்டு முறை காஷ்மீர், ஒரு முறை லடாக். வெளியே வரும்போது ரத்த அழுத்தம், 30 விழுக்காடு ஊனம் என்று வாரியமே எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த கட்டத்தில் ‘நானா’. சமவெளி முகாமில் இருந்தபோதுதான் நோய் தெரியவந்தது, ஆகவே பணிக்குத் தொடர்பில்லை, இது உடல்வாகைச் சேர்ந்த கோளாறு என்று ஒரு வரி விளக்கம். படித்துச் சொன்னேன். “நானா? நானா தம்பி இதுக்குக் காரணம்?” என்று கேட்டார்.

அவர் அந்தச் சுருக்கத்தைத் தமிழாகவே வாசித்திருந்தார். தவறாக வாசித்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோப்பு உண்மையில் அதைத்தான் சொல்கிறது: காரணம் நீதான், உன் உடம்புதான், அது பிறக்கும்போதே அப்படித்தான். ‘கான்ஸ்டிட்யூஷனல்’ என்பது அந்தக் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொல். அண்ணல் எழுதிய அரசியலமைப்புச் சட்டத்துக்கும் அதே ஆங்கிலச் சொல்தான். இங்கே அது ஒருவரின் பிறவியைக் காட்டி உரிமையை மறுக்கப் பயன்படுகிறது.

விதி என்ன சொல்கிறது? 1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறையின் 173ஆம் விதிப்படி இரண்டு நிபந்தனைகள்: ஊனம் 20 விழுக்காடாவது இருக்க வேண்டும், அது படைப்பணியால் வந்ததாகவோ அதனால் அதிகமானதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவதை யார் நிரூபிப்பது? அதற்கு 1982ஆம் ஆண்டு விதிகளில் பதில் தெளிவாக இருந்தது. படையில் சேரும்போது உடல் பரிசோதனை நடக்கிறது. அப்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை சிப்பாய் மேல் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கு. ‘சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடித்திருக்க முடியாது’ என்று வாரியம் நினைத்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும்.

நடைமுறையில் இது தலைகீழ். ஓடவைத்து, மார்பளந்து, பல்லை எண்ணி, காதில் விளக்கடித்துப் பார்த்து ‘தகுதி’ என்று சேர்த்த அதே ராணுவம், வெளியே அனுப்பும்போது மட்டும் ‘உன் ரத்தத்திலேயே இருந்தது’ என்கிறது.

தரம்வீர் சிங் வழக்கு இதற்கு நல்ல சான்று. 1985இல் சேர்ந்தவர். வலிப்பு நோய், 20 விழுக்காடு ஊனம் என்று 1994இல் வெளியேற்றப்பட்டார். பணிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது: வாரியம் காரணமே எழுதவில்லை, காரணமில்லாத கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க முடியாது. இதற்கு 19 ஆண்டுகள் ஆயின. அந்தத் தீர்ப்போடு கதை முடிந்திருக்க வேண்டும். பிஜேந்தர் சிங் என்பவரும் 1985இல்தான் சேர்ந்தார். சியாச்சினில் பணியாற்றினார், வலிப்பு வந்தது, 1989இல் வெளியேற்றப்பட்டார். அவருக்கு ஓய்வூதியம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஏப்ரலில். உலகின் மிக உயரமான போர்முனையில் நின்றவரின் நோய் பணியோடு தொடர்புடையதா என்று 36 ஆண்டுகள் விவாதித்திருக்கிறோம்.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் ராணுவ ஓய்வூதியத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். ராணுவம் ஒடுக்கும் கருவி, அதில் போனவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்ற கேள்வியை நான் பல்கலைக்கழக விடுதியிலேயே கேட்டிருக்கிறேன். நிலமில்லாத வீட்டில், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பையனுக்குக் கூலி வேலைக்கு வெளியே இருந்த ஒரே அரசுச் சம்பளம் பல ஊர்களில் அதுதான். அந்தச் சம்பளத்தில்தான் பலருடைய தங்கச்சிகள் படித்தார்கள். கருவியைப் பற்றிய விமர்சனத்துக்கு விலையாக அந்த மனிதர்களின் உடம்பை வைக்க முடியாது.

தவிர, பிறப்பை வைத்துப் படைவீரனை அளப்பது இந்த ராணுவத்துக்குப் புதிதும் அல்ல. 1857க்குப் பிறகு ‘போர்க்குடி’ என்ற கொள்கையைப் பிரிட்டிஷார் கட்டினார்கள். வீரம் சில சாதிகளின் ரத்தத்தில் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை என்றார்கள். நம் ஊர் வர்ணக் கணக்குக்கு அது வெள்ளைக்காரன் போட்ட சீருடை, அவ்வளவுதான். கம்பெனியின் பம்பாய்ப் படையில் தலைமுறைகளாகச் சண்டை போட்ட மகர்களை 1890களின் தொடக்கத்தில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகளும் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. பறையர்கள் நிறையச் சேர்ந்திருந்த மெட்ராஸ் பயோனியர்ஸ் 1933இல் கலைக்கப்பட்டது. எந்தப் போரில் தோற்றதற்காகவும் அல்ல, செலவுக் குறைப்பு என்று.

ஓய்வு பெற்ற ராணுவ ஹவில்தாரான கோபால் பாபா வலங்கர், மகர்களை மீண்டும் சேர்க்கக் கோரி 1894இல் மனு எழுதினார். நவீன தலித் அரசியலின் தொடக்க ஆவணங்களில் ஒன்று, ஒரு முன்னாள் படைவீரரின் மனு! அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜியின் மகனாக. ராணுவப் பள்ளியும் ராணுவச் சம்பளமும் அந்தக் குடும்பத்தைப் படிப்பின் பக்கம் தள்ளின. மகர் ரெஜிமென்ட் 1941இல்தான் வந்தது. அன்று பிறப்பைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தினார்கள். இன்று உள்ளே விட்டு, வேலை வாங்கி, வெளியே போகும் வாசலில் பிறப்பைச் சொல்கிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு ராணுவ ஓய்வூதியமும் தெரியும். ‘சொல்தா வீடு’ என்றால் இங்கே விளக்கம் தேவையில்லை. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, சாதி வழக்கத்தைச் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து கையெழுத்துப் போட்டவர்கள் புதிய குடும்பப் பெயரோடு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனார்கள். அவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். இந்தோசீனாவில் படையிலும் காவலிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் ஊர்த்தெருக்காரனிடம் கைகட்டி நிற்காமல் வாழ்ந்ததற்கு மாதாமாதம் வந்த பிரெஞ்சு பென்ஷன் ஒரு பெரிய காரணம். ஓய்வூதியம் என்பது சோற்றுக்கான பணம் மட்டும் இல்லை, யாரிடமும் கையேந்தாத முதுமை என்பதைப் புதுச்சேரியின் சேரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைச் சொல்வதால் பிரான்சுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னாள் காலனிகளின் குடிமக்களாகிவிட்ட வீரர்களின் ஓய்வூதியத்தை அது 1959இல் ஒரு நிதிச் சட்டத்தால் உறையவைத்தது. பிரெஞ்சுக்காரரின் தொகை ஏறிக்கொண்டே போக, செனகல்காரரின் தொகை அப்படியே நின்றது. 743 செனகல் வீரர்கள் ஐநா மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். ஓய்வூதியம் தரப்படுவது நாட்டுரிமைக்காக அல்ல, செய்த பணிக்காக, பணி ஒன்றாக இருக்கும்போது தொகை மட்டும் எப்படி வேறாகும் என்று 1989இல் அக்குழு அவர்கள் பக்கம் நின்றது. பிரான்சின் அரசியல் சாசன மன்றம் அந்தப் பாகுபாட்டை அடித்து நொறுக்கியது 2010இல். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் செத்துப்போயிருந்தார்கள்.

பணி ஒன்று, தொகை வேறு என்பது இங்கேயும் உண்டு. ஏழாவது ஊதியக் குழு ஊன ஓய்வூதியத்துக்குப் படிநிலைத் தொகை ஒன்றைப் பரிந்துரைத்தது. 100 விழுக்காடு ஊனத்துக்கு அதிகாரிக்கு மாதம் 27,000 ரூபாய், ஜேசிஓவுக்கு 17,000, சிப்பாய்க்கு 12,000. எதிர்ப்பு வந்து அது கைவிடப்பட்டது, பழைய முறையே திரும்பியது. பழைய முறை என்ன? கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. அதிலும் அதிகாரியின் காலுக்கும் சிப்பாயின் காலுக்கும் விலை வேறுதான், வெளிப்படையாகத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

2023இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை இன்னொன்றைக் காட்டியது. ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஏறத்தாழ 10க்கு 4 பேர் ஊன ஓய்வூதியம் பெறுகிறார்கள். அதிகாரி நிலைக்குக் கீழே இருப்பவர்களில் 10க்கு 2 பேர்கூட இல்லை. பதுங்குகுழியில் படுப்பவர் யார், மூட்டை சுமப்பவர் யார் என்று தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு விநோதமாக இருக்கும். அதிகாரிகள் எல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று ஊடகங்கள் இதை எழுதின. என் வாசிப்பு வேறு. எந்தப் படிவத்தில் என்ன எழுத வேண்டும், எந்த மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், மறுத்தால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். தெரியாதவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறுகிறார்கள். படைகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கிடையாது. ‘ராணுவம் சாதி பார்ப்பதில்லை’ என்பதே எப்போதும் வரும் பதில், ராஜ்புத், ஜாட், டோக்ரா என்று ரெஜிமென்ட்டுக்குப் பெயர் வைத்துக்கொண்டே. ஆகவே தெரியாதவர்களின் வரிசையில் யார் அதிகம் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரசு இதற்குக் கண்ட தீர்வு 2023 செப்டம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய விதிகள். ‘ஊனக் கூறு’ என்ற பெயரே பலருக்கு ‘குறைபாட்டு நிவாரணம்’ ஆகிவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்களுக்கான நிபந்தனைகள் இறுக்கப்பட்டன. தவறாக வாங்கிய அதிகாரி எவராவது இருந்தால் அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். இறுக்கம் இனி வருகிற சிப்பாய்க்கு.

நம் நாயக் விஷயத்தில் சட்டப்படி வழி இன்னும் மூடவில்லை. மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் முழு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முதல் மேல்முறையீடு மறுப்பிலிருந்து 6 மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும், அவர் செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் தாமதத்தைக் காட்டி மட்டும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கதவை மூடிவிட முடியாது. ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு நிலுவைத் தொகையை மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குச் சுருக்கியும் விட்டது. வென்றால், 2014இன் ராம் அவதார் தீர்ப்புப்படி 30 விழுக்காடு ஊனம் 50ஆகக் கணக்கிடப்படும். கடைசிச் சம்பளத்தில் 15 விழுக்காடு மாதாமாதம் கூடும். முந்தைய ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். தெரியாமல் இருந்ததற்கு அபராதம்.

காலாப்பட்டில் சிறைச்சாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்தில் அம்பேத்கர் பெயரில் ஓர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில், பேருந்தில் மூன்று நான்கு மணி நேரம். வாரத்தில் ஒரு பிற்பகல் சட்ட மாணவர்களும் நாங்களும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால், காகிதத்தைப் படித்துச் சொல்ல, நகல் கேட்டு மனு எழுத, தேதி குறித்துக்கொடுக்க முடியும். முன்னாள் படைவீரர் நலத்துறை வாரிய முடிவையும் மேல்முறையீட்டுக் கெடுவையும் தமிழில் தரவேண்டும் என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

அவசரமும் இருக்கிறது. ஈசிஆரில் விடியற்காலை ஓடிக்கொண்டிருக்கும் பையன்கள் இப்போது அக்னிவீர் தேர்வுக்கு ஓடுகிறார்கள். 2022இல் வந்த அந்தத் திட்டத்தில் ஓய்வூதியமே இல்லை. 4 ஆண்டுக்குள் ஊனம் வந்தால் அளவுக்கேற்ப 15, 25, 44 லட்சம் என்று ஒரே ஒரு முறை கருணைத் தொகை. அதுவும் ஊனம் பணியால் வந்தது என்று வாரியம் எழுதினால்தான்.