எல்லையில் ஆயுதப்படை, ஓய்வூதியத்தில் சிவில் ஊழியர்

சி.ஆர்.பி.எப். என்ற பெயரைக் கேட்டு வடக்கில் யாரும் அனுதாபப்படுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்திய அமைதிப்படைக் காலத்தில் இங்கு வந்து நின்ற படை அது. அதைப் பற்றிச் சொல்ல என்னைவிட மூத்தவர்களிடம் நிறைய இருக்கிறது. இருந்தும் அந்தப் படையினரின் ஓய்வூதிய வழக்கை நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். ஓர் அரசு தன் ஆட்களை எப்போது படையினர் என்கிறது, எப்போது வெறும் ஊழியர் என்கிறது என்பதுதான் அங்கே எழுந்துள்ள கேள்வி.

2004 ஜனவரி 1 முதல் இந்திய மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. பழைய முறையில் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. முழுச் சேவைக்குக் கடைசிச் சம்பளத்தின் பாதி கிடைக்கும். புதிய முறையில் மாதந்தோறும் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அரசும் ஒரு பங்கு போடுகிறது. அந்தப் பணம் சந்தைக்குப் போகிறது, முடிவில் எவ்வளவு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதிலிருந்து விலக்குப் பெற்றவை 'ஆயுதப்படைகள்' மட்டுமே.

அந்தச் சொல் முப்படைகளையே குறிக்கும் என்கிறது அரசு. ஆனால், சி.ஆர்.பி.எப்.பை ஆயுதப்படை என்று அதன் 1949ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படையின் 1968ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே வார்த்தைதான். இவர்கள் ஒன்றியத்தின் ஆயுதப்படையினரே, பழைய ஓய்வூதியம் இவர்களுக்கும் உரியது என்று 2023 ஜனவரி 11இல் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

அரசின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. இராணுவச் சிப்பாய் நாற்பது வயதை ஒட்டியே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இவர்களோ 60 வரை பணியில் இருக்கலாம். அதனால் ஓய்வூதியமும் வேறாக இருக்கட்டும் என்று வெளிப்படையாக வாதிட்டிருந்தால், அது பேசக்கூடிய விடயம். அதை விட்டு, காஷ்மீருக்கும் சத்தீஸ்கர் காடுகளுக்கும் அனுப்பும்போது படை, கணக்கு முடிக்கும்போது சிவில் ஊழியர் என்றால் எப்படி? 2019 பெப்ரவரியில் புல்வாமாவில் 40 பேர் கொல்லப்பட்டபோது அவர்களை யாரும் சிவில் ஊழியர்கள் என்று அழைக்கவில்லை.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைப் பலர் தீர்வாகக் காட்டுகிறார்கள். 25 வருடச் சேவை இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியின் பாதி நிச்சயம். ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் மட்டும் தொடரும். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடையில் தானாக விலகுபவருக்கு, அவர் வழமையாக ஓய்வுபெற்றிருக்க வேண்டிய நாளிலிருந்தே பணம் வரத் தொடங்கும். அலுவலக மேசையில் இருப்பவருக்கு இது பெரிய தடையல்ல. ஆயுதத்தோடு முகாம் முகாமாக அலைந்து உடம்பு தேய்ந்த கான்ஸ்டபிளின் நிலை வேறு. 2004இல் 20 வயதில் சேர்ந்த ஒருவர் 2029இல் 25 வருடங்களை முடிப்பார். 45 வயதில், போதும் என்று துப்பாக்கியை ஒப்படைத்தால், முதல் மாத ஓய்வூதியத்துக்கு அவர் 2044 வரை காத்திருக்க வேண்டும்.