மார்கழிச் சுண்ணாம்பும் தை மாத வாடகையும்

மார்கழி பிறந்தால் நம் தொழிலாளர் வீடுகளில் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. அதற்குச் சங்கு கிடையாது, ஷிப்ட் கிடையாது, கூலியும் கிடையாது. ஒழுகும் ஓட்டை மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வாசலுக்குக் கோலமிட்டு, வீட்டைப் பொங்கலுக்குத் தயாராக்கும் வேலை அது. "இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா?" என்று சில தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சென்ற மார்கழி முழுவதும் எங்கள் வீட்டில் நடந்ததையும், அதற்குத் தை ஐந்தாம் நாள் எங்களுக்குக் கிடைத்த பரிசையும் எழுதத்தான் போகிறோம்.

நாங்கள் இருப்பது கோவையில், சிங்காநல்லூர்ப் பக்கத்தில் ஒரு லைன் வீடு. எட்டுக் குடித்தனம், ஒரே குழாய். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்புக்கு ஒரு மறைப்பு, மேலே ஓடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்குச் சுவர் ஊறிப் பூச்சு உதிர்ந்துவிட்டது. படுக்கிற இடத்தில் மண் கொட்டியது. வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னோம். "அதான் பொங்கல் வருதுல்லங்க, நீங்களே அடிச்சுக்குங்க. உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றார். என்ன தாராளம்! வாடகை வாங்கும்போது அது அவர் வீடு, சுண்ணாம்பு அடிக்கும்போது எங்கள் வீடு!

முதல் வாரம் ஓட்டு வேலை. ஏழு ஓடு உடைந்திருந்தது. பழைய ஓடு கிடைக்கும் இடம் தேடிப்போய் வாங்கி வந்து, பக்கத்து வீட்டுத் தோழர் மேலே ஏற, நாங்கள் கீழிருந்து எடுத்துக் கொடுக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. கூலி ஒரு வேளைச் சோறு. அடுத்த ஞாயிறு அவர் வீட்டு ஓட்டுக்கு நாங்கள் போனோம்.

இரண்டாம் வாரம் சுண்ணாம்பு. பெயிண்ட் கடையில் விலை கேட்டுவிட்டு வெளியே வந்தோம். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், ஊறுகிற சுவரில் பெயிண்ட் நிற்காது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் தோல் தோலாக உரிந்து வந்துவிடும். சுண்ணாம்பு அப்படியல்ல. ஈரத்தை வெளியே விடும், காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு நாளாக ஆகக் கல்லாக இறுகும். ஆகவே சுட்ட சுண்ணாம்புக்கல் வாங்கிப் பழைய இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அடுப்பில்லாமலே கொதித்தது. குழந்தைகளை எட்ட நிறுத்த வேண்டும், தோழர்களே! கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். அப்படித் தெறித்தால் கசக்காமல், நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு நாள் ஆறவிட்டுச் சாக்கில் வடிகட்டி, கையில் ஒட்டாமலிருக்கக் கஞ்சித் தண்ணீரும், பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை நீலமும் கலந்து, மட்டையால் அடித்தோம். முதல் பூச்சு அடித்தவுடன் சுவர் முன்னைவிட அழுக்காகத் தெரிந்தது. மகள் அழாக்குறையாக நின்றாள். காய்ந்த பிறகல்லவா வெள்ளை வரும்! மறுநாள் காலையில் எழுந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். மிச்சம் இருந்த காவியில் திண்ணைக்கு ஒரு பட்டை இழுத்தோம்.

"அடித்தோம், இழுத்தோம்" என்று எழுதிவிட்டோம். உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு அம்மாள் மில்லில் வைண்டிங் பிரிவில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவர். காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டவரும் அவர்தான், மாலையில் மட்டையைப் பிடித்தவரும் அவர்தான், சிந்திய சுண்ணாம்பைத் தரையிலிருந்து சுரண்டியவரும் அவர்தான். ஆண்பிள்ளைகளான நாங்கள் ஏணியைப் பிடித்தோம், யோசனை சொன்னோம், டீ குடிக்கப் போனோம். மில்லில் கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி என்று சங்கத்தில் முழங்குகிறோம். வீட்டில் நடக்கிற கூடுதல் வேலை நம் கண்ணில் படுவதேயில்லை. "ஏனுங்க, சங்கத்துல பேசறதுல பாதியாச்சும் இங்க வந்து தேயுங்க" என்று ஒரு நாள் அவர் துணியை நீட்டினார். அன்றுமுதல் பாத்திரம் கழுவுவதும் தண்ணீர் பிடிப்பதும் எங்கள் பொறுப்பாயிற்று. மாதம் பாதி போன பிறகு வந்த புத்திதான்!

அடுத்து கிறிஸ்துமஸ். ஐந்தாம் நம்பர் வீட்டுப் பிள்ளைகள் மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் கொண்டு நட்சத்திரம் கட்டினார்கள். எங்கள் மகளும் அங்கேதான் கிடந்தாள். ஒட்டுவதற்குப் பசை எங்கள் வீட்டுக் கஞ்சி. நட்சத்திரத்தில் விளக்கைப் போட்டதும், அதன் வெளிச்சம் எங்கள் புதுச் சுவரில் சிவப்பும் பச்சையுமாக விழுந்தது. லைன் முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியில் போகி. கொங்கு நாட்டு வழக்கப்படி வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து இறவாணத்தில் காப்புக் கட்டினோம். ஊரில் தரிசில் சும்மா பூத்துக் கிடக்கிற பூளைப்பூவுக்கு நகரத்தில் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுத்தோம்.

பொங்கலுக்குத் திருவாரூர்ப் பக்கத்தில் இருக்கும் தங்கை வந்திருந்தாள். விவசாயத் தொழிலாளி. அவள் வீடு கீற்றுக் கொட்டகை. கீற்று இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் தாங்காது. இந்த வருஷம் அவளும் கூரை மாற்றியிருக்கிறாள், மண்சுவர் வைத்து மெழுகியிருக்கிறாள். எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவ்வளவும் பண்ணிட்டு, நாளைக்குக் காலி பண்ணுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. அவள் குடிசையைவிட எங்கள் வீடு உறுதியானதுதான். ஆனால் அவள் காலடி மண் அவளுடையது! அவள் மாமியார் காலத்தில் அது மிராசுதார் மனைக்கட்டு. கூலித் தகராறு வந்தால் முதல் வார்த்தையே "குடிசையைப் பிரி" என்பதுதான். குடியிருப்பை விட்டு வெளியேற்றாமல் பாதுகாக்க 1961-ல் ஒரு சட்டம் வந்தது. குடியிருக்கும் மனையே தொழிலாளிக்குச் சொந்தம் என்று 1971-ல் இன்னொரு சட்டம் வந்தது. அந்தப் பட்டாவை அவள் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்களின் கவலை வேறு. அதை இன்னொரு வாரம் எழுதுவோம்.

தை ஐந்தாம் நாள் வீட்டுக்காரர் வந்தார். சுவரைப் பார்த்தார், திண்ணையைப் பார்த்தார், மேலே ஓட்டையும் பார்த்தார். "வீடு நல்லா பளிச்சுன்னு ஆயிருச்சுங்க. இப்ப வெளியில விட்டா இன்னும் ஐந்நூறு கூடவே வரும். நீங்களும் பாத்துக் குடுங்க" என்றார்.

இது என்ன நியாயம்? சுண்ணாம்பு எங்கள் காசு, கை எங்கள் கை, உயர்ந்த வாடகை மட்டும் அவருக்கா? எத்தனை வருஷமாக எத்தனை லைன்களில் இது நடக்கிறது!

சங்கத்தில் விசாரித்தோம். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நகரப் பகுதிகளில் அமலுக்கு வந்திருக்கிறது. குடியிருப்பவருக்குப் பல விதத்தில் பழைய சட்டமே மேல் என்பது நம் கருத்து. இருந்தாலும் புதிய சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று அதில் பிரித்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும், கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு! அவர் மறுத்தால் குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நமக்கு இது தெரியவே தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியுமோ என்னவோ.

ஆனால் ஒரு சிக்கல். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது அதே சட்டம். எங்கள் லைனில் எட்டு வீட்டில் ஒருவரிடமும் அந்தக் காகிதம் இல்லை. வாய் வார்த்தையும், கையில் கொடுக்கிற ரொக்கமும்தான். ஆகவே நாளைக்கே கழித்துக்கொள்வோம் என்று மார்தட்ட முடியவில்லை. தனியாகக் கேட்டால், "இஷ்டமிருந்தா இருங்க" என்பார். எட்டுப் பேரும் சேர்ந்து கேட்டால்?

எட்டு வீட்டுப் பெண்களும் குழாயடியில் பேசினார்கள். ஆளுக்கொரு கணக்கு எழுதினார்கள்: சுண்ணாம்பு, ஓடு, நீலம், மட்டை, ஆள் வேலை எத்தனை நாள். எட்டையும் ஒரே தாளில் எங்கள் மகள் எழுதிக் கொடுத்தாள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்பது மேலே, கணக்கு கீழே, எட்டுக் கையெழுத்து. அடுத்த ஞாயிறு வீட்டுக்காரர் வந்தபோது எங்கள் வீட்டு அம்மாள்தான் நீட்டினார். அவர் இரண்டு தடவை படித்தார். "கழிச்சுக்கறதெல்லாம் பழக்கமில்லீங்களே" என்றார். "ஏத்தறது மட்டும் பழக்கமுங்களா?" என்று ஐந்தாம் நம்பர் அம்மாள் கேட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஐந்நூறு ரூபாய்ப் பேச்சை எடுக்கவில்லை. மாசி வாடகைக்கு வரும்போது பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.